காஞ்சியில் எடுத்தது புடவை அல்ல!

"காஞ்சிபுரத்துக்குப் போகிறேன்" என்று அடுத்த வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். உடனே, "யாருக்குக் கல்யாணம்? எத்தனை புடவை?" என்று கேட்பார். கல்யாணம் இல்லை என்றால், "ஓகோ, காமாட்சி தரிசனமா? அப்படியே வரதரையும் சேவித்துவிட்டு வா" என்பார். இந்த இரண்டையும் தவிர, காஞ்சிக்குப் போக மூன்றாவது காரணம் ஒன்று இருக்க முடியும் என்று நம்மில் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

நான் சமீபத்தில் காஞ்சிக்குப் போனது அந்த மூன்றாவது காரணத்துக்காகத்தான். ஒரு பெண்ணுக்கு மோட்டார் சைக்கிள் பார்த்துக் கொடுப்பதற்காக!

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இன்றோ நாளையோ ஒரு பெண், "அம்மா, எனக்கு ஒரு வண்டி வேண்டும்" என்று கேட்கத்தான் போகிறாள். அப்போது "ஐயோ, வேண்டாம்!" என்று சொல்வது மிகவும் சுலபம். எந்த வண்டி, ஏன் அந்த வண்டி என்று யோசித்துச் சொல்வதுதான் கஷ்டம். காஞ்சியில் ஒரு தாயார் அந்தக் கஷ்டமான காரியத்தை எப்படிச் செய்தார் என்று நான் பார்த்தேன். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சென்னையிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது காஞ்சி. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் தலையைக் காட்டிவிடும். 1509-ஆம் ஆண்டில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய கோபுரம் அது. ஊரின் மேற்கே கைலாசநாதர் கோயில். கி.பி. 700-ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் கட்டியது. ஆயிரத்து முந்நூறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் அந்தக் கல் சிங்கங்கள் எத்தனையோ வாகனங்களைப் பார்த்திருக்கும். யானை, குதிரை, மாட்டு வண்டி, ஜட்கா, சைக்கிள் எல்லாம் போய், இப்போது அவற்றின் காதில் விழுவது மோட்டார் சைக்கிள் சத்தம்.

ராஜவீதிகள் நான்கும் தேர் ஓடுவதற்காக அகலமாய்ப் போட்டவை. ஆனால் அவற்றைத் தாண்டி நெசவாளர் தெருக்களுக்குள் நுழைந்தால் கார் தடுமாறும். இரண்டு சக்கர வண்டிக்குத்தான் அங்கே ராஜ மரியாதை. 2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து ஆகஸ்டு 17 வரை, 48 நாட்கள் அத்தி வரதர் வைபவம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஊரே ஜன சமுத்திரமாய் இருந்த அந்த நாட்களில், பாலும் மருந்தும் காய்கறியும் வீட்டுக்கு வர வேண்டுமானால் இரண்டு சக்கரத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது என்று இந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளர் குடும்பம் ஒன்று உண்டு. நான் கல்லூரியில் படித்த நாளிலிருந்து அந்த வீட்டு அம்மாளை 'அக்கா' என்று கூப்பிட்டு வருகிறேன். அக்காவும் அவர் கணவரும் குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்கிறவர்கள். கோர்வை என்றால் என்ன என்று உங்களில் பலருக்குத் தெரியும். உடல் ஒரு வர்ணம், கரை வேறு வர்ணம். இரண்டையும் தனித்தனி நாடா ஓட்டி, ஒவ்வோர் இழையாகக் கோத்து நெய்வது. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்று பெருமையாய்ச் சொல்வார்கள். இந்த நெசவுக்காகத்தான் காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு புடவை முடியப் பத்து நாளும் ஆகும். வேலைப்பாடு மிகுந்திருந்தால் இருபது நாளும் ஆகும்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது இருபத்தொன்று. டிப்ளமோ படித்தவள். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. காஞ்சியிலிருந்து வாலாஜாபாத் வழியாக முப்பது, முப்பத்தைந்து கிலோ மீட்டர். கம்பெனி பஸ் வருவது உண்மைதான். ஆனால் அது நிற்கும் இடம் வீட்டிலிருந்து வெகு தூரம். காலை ஷிப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். இரண்டாவது ஷிப்டு முடிந்து வந்தாலோ நடு ராத்திரி. அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது; கிடைத்தாலும் தனியாக ஏற யோசனை.

"வண்டி வாங்கிக் கொடுங்கள்" என்றாள் பெண்.

"வேண்டாம்" என்றார் அக்கா.

அங்கேதான் என்னைக் கூப்பிட்டார்கள். "நீ பத்திரிகையில் எழுதுகிறவள். நாலு விஷயம் தெரிந்தவள். நீயே சொல்லும்மா!" என்றார் அக்கா. "சித்தி, நீங்களே சொல்லுங்கள்!" என்றாள் பெண். இரண்டு பேரும் கூப்பிட்டது ஒரே நியாயத்துக்குத்தான். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு தீர்ப்பை எதிர்பார்த்தார்கள்!

ஊசியில் பிறந்த வண்டி

தீர்ப்புக்கு முன்னால் ஒரு சின்னக் கதை. காஞ்சிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்குப் பேர் போன ஊர். நம் காஞ்சி பட்டுக்கு எப்படியோ, அப்படி ரெட்டிச் ஊசிக்கு. அங்கே ஊசி செய்து கொண்டிருந்த ஓர் ஆலைதான் பிற்பாடு சைக்கிள் செய்யத் தொடங்கி, 1901-இல் மோட்டார் சைக்கிளும் செய்தது. ராயல் என்பீல்டு கம்பெனி அப்படித்தான் பிறந்தது. 1955-இல் சென்னையிலிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்தக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, என்பீல்டு இந்தியா என்ற பெயரில் திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைச் செய்ய ஆரம்பித்தது. இங்கிலாந்தில் 1970-இல் அந்தத் தொழிலே நின்று போயிற்று. தாய் வீட்டில் அணைந்த அடுப்பு புகுந்த வீட்டில் எரிந்து கொண்டே இருந்தது!

இப்போது அந்த அடுப்பு எங்கே எரிகிறது தெரியுமா? காஞ்சிபுரம் மாவட்டத்தில். 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் ராயல் என்பீல்டு ஆலைகள் உற்பத்தியைத் தொடங்கின. வல்லம் வடகாலில் 2015-இல் யமஹா கம்பெனியும் ஓர் ஆலையைத் திறந்தது. ஊசியில் பிறந்த வண்டி, நாடா ஓடுகிற சீமையில் வந்து குடியேறியிருக்கிறது. பட்டுக்குப் பேர் போன மாவட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிள்கள் உலகமெங்கும் கப்பலேறிப் போகின்றன.

இந்த ஆலைகளும், கைத்தொலைபேசி செய்யும் ஆலைகளும், கார் ஆலைகளும் சேர்ந்து இந்தப் பக்கத்துப் பெண்களின் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. வல்லம் வடகாலில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குவதற்காக 18,720 பேருக்கு இடமுள்ள குடியிருப்பு ஒன்று 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். ஒரு சிறு பட்டணமே அல்லவா அது!

அக்காவின் மனத்தில் இருந்த கவலையும் இதுதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. தெருவில் தறிச் சத்தம் குறைந்து கொண்டே வருகிறது. பிள்ளைகள் ஆலைக்குப் போகிறார்கள். அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு பேர் பத்து நாள் குனிந்து நெய்தால் வருகிற கூலியையும், ஆலைச் சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தப் பிள்ளை தறியில் உட்காரும்? வண்டி என்று ஒன்று வாசலில் வந்து நின்றால், பெண் கையை விட்டுப் போய்விடுவாள் என்று அந்தத் தாயார் பயந்தார். விபத்துப் பயம் பாதி. இந்தப் பயம் பாதி.

வீட்டில் நடந்த மாநாடு

சாயந்திரம் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். மந்தாரை இலை வாசனையோடு காஞ்சிபுரம் இட்லி வந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட இட்லியைத் தின்றுவிட்டு ஒருவர் கோபமாகப் பேசுவது நடக்காத காரியம். ஆகவே மாநாடு சுமுகமாகவே ஆரம்பித்தது.

அப்பா சொன்னார்: "என் டி.வி.எஸ். வண்டி மாதிரி ஒன்று போதும்." அவருடைய பேச்சில் நியாயம் உண்டு. 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த நாளிலிருந்து, நெசவாளர் வீட்டுக்கு அது ஒரு பிள்ளை மாதிரி. பட்டு நூலும், சுற்றிய பாவும், மடித்த புடவையும் அதன் மேல்தான் சவாரி. இப்போதைய எக்ஸ்.எல். 100 வண்டி தொண்ணூறு கிலோவுக்குக் குறைவு. கியர் கிடையாது, தள்ளுவது சுலபம். ஆனால் தினம் அறுபது, எழுபது கிலோ மீட்டர், கண்டெய்னர் லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில்? பாரம் சுமப்பதற்கென்று பிறந்த வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்புகிற மாதிரி!

அண்ணன் சொன்னான்: "நம் ஜில்லாவிலேயே செய்கிற புல்லட் இருக்கும்போது வேறு எதற்கு?" அவனுக்குப் புல்லட் மேல் ஆசை. தங்கை பெயரில் வாங்கித் தான் ஓட்டலாம் என்ற எண்ணமும் இருந்திருக்கலாம். வண்டி கம்பீரமானதுதான், சந்தேகம் இல்லை. ஆனால் 350 சி.சி. புல்லட்டின் எடை சுமார் 195 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது. நிற்கும்போது, திருப்பும்போது, மேடான வாசலில் ஏற்றும்போதுதான் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்கள் வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் வேகத்தில் அல்ல, நின்ற இடத்தில்தான்.

அக்கா கடைசியில் ஒரு படி இறங்கி வந்தார். "வாங்கித்தான் தீர வேண்டும் என்றால் ஸ்கூட்டர் வாங்கட்டும். புடவை கட்டிக் கொண்டு உட்காரலாம்" என்றார். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் சொல்வோம். கடை கண்ணிக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, ஸ்கூட்டரைப் போல் சௌகரியம் வேறு இல்லை. 110 சி.சி. ஸ்கூட்டர் நூற்றைந்து கிலோ அளவில்தான் இருக்கும். ஆனால் அதன் சக்கரம் சின்னது. பத்து அங்குலம், பன்னிரண்டு அங்குலம். மோட்டார் சைக்கிளின் சக்கரம் பதினேழு, பதினெட்டு அங்குலம். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் பெரிய சக்கரம் அதன் மேல் உருண்டு போய்விடும். சின்னச் சக்கரம் உள்ளே இறங்கி ஏறும். ஊருக்குள் இது பெரிய விஷயம் இல்லை. இருட்டில், மழையில், லாரிக்குப் பக்கத்தில் தினமும் போகிறவளுக்குப் பெரிய விஷயம்.

பெண் என்ன சொன்னாள்? அவள் ஒன்றும் சொல்லவில்லை. எல்.எல்.ஆர். வாங்கி, அண்ணனின் பழைய வண்டியில் 'எல்' அட்டை கட்டி, ஏரிக்கரைப் பக்கம் மூன்று வாரமாகப் பழகிக் கொண்டிருந்தாள். "கிளட்சு, கியர் எல்லாம் கஷ்டமாய் இல்லையா?" என்று கேட்டேன்.

"தறியை விடவா சித்தி?" என்றாள்.

எவ்வளவு உண்மையான பேச்சு! மோட்டார் சைக்கிளில் இடக் கையில் கிளட்சு, இடக் காலில் கியர், வலக் கையில் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும், வலக் காலில் பின் பிரேக். நான்கு அவயவங்களுக்கும் நான்கு வேலை. குழித்தறியில் உட்கார்ந்து, கால் மிதிக்க, ஒரு கை நாடா எறிய, மறு கை பலகை இழுக்க, கண் இழை பார்க்க வளர்ந்த பெண்ணுக்கு இது ஒரு வித்தையா என்ன?

"பெண் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிளா?" என்று எதிர்வீட்டுப் பாட்டி வாசலிலிருந்தே ஒரு கேள்வியை எறிந்தார். அவருக்கு நான் ஒரு பழைய சங்கதியைச் சொன்னேன். 1934 டிசம்பரில் தெரசா வாலக், புளோரன்ஸ் பிளெங்கிரன் என்ற இரண்டு பெண்கள் 600 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றில் லண்டனிலிருந்து கிளம்பினார்கள். சஹாரா பாலைவனத்தைத் தாண்டி, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் டவுனுக்கு 1935 ஜூலையில் போய்ச் சேர்ந்தார்கள். "சஹாராவைத் தாண்டினார்களா? இவள் வாலாஜாபாத்தைத் தாண்டினால் போதும்!" என்றார் பாட்டி. மாநாடு சிரிப்போடு முடிந்தது.

புடவை பார்க்கிற கண்

மறுநாள் கடைக்குப் போனோம். அக்காவும் வந்தார். "நான் சும்மா வருகிறேன்" என்று சொல்லித்தான் வந்தார். ஆனால் காஞ்சி நெசவுக்காரியின் கண் சும்மா இருக்குமா?

நீங்கள் புடவைக் கடையில் என்ன பார்ப்பீர்கள்? வர்ணம், முந்தானை, விலை. நெய்கிறவர் முதலில் பார்ப்பது புடவையின் மறுபக்கத்தை. கோர்வை சேர்ந்த இடம் சுத்தமாய் இருக்கிறதா, இழை தொங்குகிறதா, ஜரிகை நெருக்கமாய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அக்கா வண்டியையும் அப்படித்தான் பார்த்தார். டாங்கில் போட்டிருந்த பளபளப்பான வர்ணத்தை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இவள் உட்கார்ந்தால் கால் எட்டுமா?" இது அவருடைய முதல் கேள்வி.

இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ஆசனத்தின் உயரம் ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விதம். 785 மில்லிமீட்டர் உள்ள வண்டியும் உண்டு. 800-ஐத் தாண்டுவதும் உண்டு. பதினைந்து மில்லிமீட்டர் என்றால் என்ன, ஒரு விரற்கடை கூட இல்லையே என்று நினைக்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போது இரண்டு பாதமும் தரையில் படிகிறதா, விரல் நுனி மட்டும் தொடுகிறதா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு விரற்கடைதான். அகலமான ஆசனமாய் இருந்தால் உயரம் குறைவாயிருந்தும் கால் எட்டாது. ஆகவே காகிதத்தில் உள்ள எண்ணை நம்பாமல், தினமும் போடுகிற செருப்பையோ ஷூவையோ போட்டுக் கொண்டு ஏறி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"தனியாகத் தள்ள முடியுமா?" இது இரண்டாவது கேள்வி. ஸ்டாண்டிலிருந்து எடுத்து, பின்னுக்குத் தள்ளி, திருப்பி, மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னார். ஒரு வண்டியில் பெண் திணறினாள். "வேண்டாம், அடுத்தது" என்று சொல்லிவிட்டார் அக்கா. விலை கூடக் கேட்கவில்லை.

"திடீரென்று பிடித்தால் சறுக்காத பிரேக் எதில் இருக்கிறது?" இது மூன்றாவது கேள்வி. கடைப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். பயத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் சுற்றுவது நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது. நின்ற சக்கரத்தோடு வழுக்கிக் கொண்டு போகும்; ஆள் கீழே விழுவார். ஏ.பி.எஸ். என்ற கருவி, சக்கரம் பூட்டிக் கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன் பிரேக்கை ஒரு கணம் தளர்த்தி, மறுபடி பிடித்து, இப்படி ஒரு விநாடிக்குள் பல தடவை செய்யும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றிலும் 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். அதற்குக் கீழே உள்ள சிறிய வண்டிகளில், ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் சி.பி.எஸ். ஏற்பாடு இருந்தாலும் போதும் என்று விட்டிருந்தார்கள். அதுவும் உதவியானதுதான். ஆனால் லாரிச் சாலையில் தினம் போகிறவளுக்கு ஏ.பி.எஸ். இருந்தே ஆக வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். 125 சி.சி. வண்டிகளைப் பார்த்துக் கொண்டிருந்த நாங்கள், அந்த ஒரு கேள்வியால் 150 சி.சி. வண்டிகளின் பக்கம் நகர்ந்தோம்.

நான்காவது, புடவைக் கேள்வி. அக்கா பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். முந்தானையைத் தொங்கவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்த்தார். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. கைப்பிடியும் கால் வைக்கும் படியும் வேண்டும் என்பதும் அதே விதிதான். அழகுக்காக இந்தத் தடுப்பைக் கழற்றி எறிகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவன் இருந்தால், அதை மறுபடி மாட்டும் வரையில் அவனுக்குக் காப்பி கொடுக்காதீர்கள்! தவிர, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவதை விட, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பத்திரம். சுடிதார் போட்டுக் கொள்வதில் வெட்கம் எதற்கு?

கடைசியில் ஒரு 150 சி.சி. வண்டி நிலைத்தது. எடை 140 கிலோவுக்குள்; ஆசன உயரம் 790 மில்லிமீட்டர்; முன் சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரப் பகுதிக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பெயர் முக்கியமும் இல்லை. அந்த நான்கு கேள்விகள்தான் முக்கியம்.

பூவும் தலைக்கவசமும்

பணக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் எழுதி ஒட்டியிருக்கும் விலை வேறு. வண்டி சாலைக்கு வரும்போது ஆகும் விலை வேறு. சாலை வரி, பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேரும். 2018 செப்டம்பர் முதல் புது இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22-இல் குறைந்தது, நமக்கெல்லாம் ஒரு சந்தோஷம். பழைய வண்டி வாங்குகிறவர்கள், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றுதானா, அதன் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்கக் கூடாது.

ரசீது போடும் நேரத்தில் ஹெல்மெட் பேச்சு வந்தது. "இவளுக்கு ஒன்று" என்றார் அப்பா.

"உங்களுக்கு, அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு எதற்கு? நான் பின்னால்தானே உட்காருவேன்? பூ நசுங்கிப் போகும்" என்றார்.

சகோதரிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். மத்திய அரசாங்கம் வெளியிட்ட கணக்கு இது. பின்னால் உட்கார்ந்து போனவர்களில் எத்தனை பேர் நம்மைப் போல், "நான் பின்னால்தானே" என்று சொன்னவர்களோ! ஹெல்மெட் போட்டால் மரண அபாயம் 42 சதவிகிதமும், தலைக் காயத்தின் அபாயம் 69 சதவிகிதமும் குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சட்டமும் ஓட்டுகிறவரோடு பின்னால் இருப்பவரையும் சேர்த்தேதான் போடச் சொல்கிறது.

நான் அந்த எண்களைச் சொன்னேன். அக்கா ஒன்றும் பதில் பேசவில்லை. தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்துக் கைப்பையில் வைத்துக் கொண்டார். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் ஒன்றைத் தலையில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தலையோடு ஆட வேண்டும். தனியாக ஆடக் கூடாது. அதுதான் அளவு.

"இரண்டு கொடு" என்றார் கடைப் பையனிடம்.

தறிக்குத் திரும்பும் வழி

திரும்பி வரும்போது அக்காவை ஒரு கேள்வி கேட்டேன். "வேண்டாம் என்று பிடிவாதமாய் இருந்தீர்களே, எப்படி மனம் மாறியது?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"வண்டி வாங்கவில்லை என்றால் என்ன செய்வாள் என்று யோசித்தேன், அம்மா. பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அலைந்து, நாலு மாசத்தில் அலுத்துப் போய், விடுதிக்குப் போகிறேன் என்பாள். நாங்கள் சரி என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி இருந்தால் எவ்வளவு தூரம் போனாலும் ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள் அல்லவா?"

வண்டி பெண்ணை வீட்டிலிருந்து அழைத்துக் கொண்டு போய்விடும் என்று பயந்தவருக்கு, அதே வண்டிதான் அவளைத் தினம் வீட்டில் கொண்டு வந்து விடும் என்று தோன்றியிருக்கிறது. விடுதியில் இருப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. பல ஆயிரம் பெண்களுக்கு அதுதான் சௌகரியம், பத்திரமும் கூட. ஆனால் இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கரை நாடா எறிய ஒரு கை இருக்கும். அந்தத் தறி இன்னும் கொஞ்ச காலம் பேசும்.

எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் லைசென்ஸ் பரீட்சைக்குப் போக முடியும். அந்த நாட்களை அந்தப் பெண் வீணாக்கவில்லை. முதலில் காலி மைதானத்தில் நிறுத்தப் பழகினாள். ஓட்டப் பழகுவதற்கு முன்னால் நிறுத்தப் பழக வேண்டும் என்பது அண்ணன் சொன்ன பாடம். பிறகு மழை பெய்த தரையில் மெதுவாகப் பிரேக் பிடித்தாள். பிறகு விடியற்காலையில் ராஜவீதியில், பிறகு சாயந்திர நெரிசலில், பின்னால் அண்ணனை உட்கார வைத்து. கடைசியில்தான் வாலாஜாபாத் சாலை. பெரிய லாரியின் பக்கவாட்டில் ஒட்டிக் கொண்டு போகக் கூடாது. லாரிக்காரரின் கண்ணாடியில் அவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் நீயும் அவருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இதை அவள் தினமும் ஜபம் மாதிரிச் சொல்லிக் கொள்கிறாளாம்.

அடுத்த முறை நீங்கள் காஞ்சிக்குப் புடவை எடுக்கப் போகும்போது, கடைக்குள் நுழைவதற்கு முன் ஒரு நிமிஷம் வீதியைப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் தொங்க, வாலாஜாபாத் பக்கம் திரும்பும் பெண்கள் ஒன்றிரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். நீங்கள் எடுக்கப் போகும் புடவையை நெய்தவரின் மகளாகக் கூட அவர்களில் ஒருத்தி இருக்கலாம். புடவையின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெண் வண்டி கேட்டால், அதையும் அப்படியே திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு, தைரியமாக வாங்கிக் கொடுங்கள்.